நண்பகலுக்கு முன்

காட்டுத் திராட்சைச் சாறு கொதித்ததும் பிலோமினா மாவு உருண்டைகளை அதில் போட்டாள். தங்கை ஆகத்தா ஒன்றைக் கரண்டியால் எடுத்துக் கடித்துப் பார்த்தாள்.

"அக்கா, இதைக் கவண்ல வச்சு அடிச்சா வாத்து விழும்."

"திங்கிறதையும் தின்னுட்டுப் பேச்சைப் பாரு."

வாசலில் கார் ஹாரன் விடாமல் அலறியது.

"போடி, உன் வெள்ளைக்காரனுக்குப் பொறுக்காது."

"அவன் என்னைக் கட்டினதுக்குப் பதிலா அந்தக் காரையே கட்டியிருக்கலாம்," என்று சிரித்துக்கொண்டே ஆகத்தா ஒரு கிண்ணத்தை மூடி எடுத்துப் போனாள்.

மூன்றாம் நாள் அவள் இறந்துபோனாள். வயது இருபத்தொன்பது. இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அமெரிக்காவில் ஓசேஜ் பழங்குடிகளான எங்கள் மண்ணில் கிடைத்த பெட்ரோலிய எண்ணெயில் அவளுக்கிருந்த பங்கு கணவன் வெர்னனுக்குப் போனது. அந்த வருஷங்களில் எங்கள் வீடுகளில் இப்படி நிறையப் பேருடைய இதயம் நின்றது.

அடக்கத்தன்று விடியுமுன்பே பெரியப்பா அந்துவான் சாயத்தோடு வந்துவிட்டார். எங்கள் வழக்கப்படி குலத்துக் கோடுகளை இறந்தவர் முகத்தில் இட்டு, நண்பகலுக்குள் புதைக்க வேண்டும். அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் முன்னே போனவர்கள் தங்கள் பிள்ளையை அடையாளம் காண்பார்கள். அவளுடைய முகத்தில் பிணத்தை அலங்கரிக்கும் நகரத்து ஆட்கள் அப்பியிருந்த பவுடரைப் பெரியப்பா ஈரத்துணியால் துடைத்தார். உதட்டருகே கை நின்றது. உதடு நாவல்பழம் போலக் கறுத்திருந்தது. விரல் நகங்களும் அப்படியே.

"என்ன பெரியப்பா இது?"

"மெதுவாப் பேசு. எதையோ குடுத்திருக்கான்."

வெளித் தாழ்வாரத்தில் வெர்னன் டாக்டருக்குச் சுருட்டு பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"நான் கத்தப்போறேன். ஊரே பாக்கட்டும்."

"கத்து. உன் பக்கம்தான் நான் நிப்பேன். ஆனா உடம்பை அறுத்துப் பாக்கணும்னு தூக்கிட்டுப் போவாங்க. அறுக்கப்போறது யாரு? அதோ சுருட்டு பிடிக்கிறானே, அவன்தான். இவ எப்ப திரும்பி வருவாளோ. கோடு போட முகம் மிஞ்சுமா?"

"போடாமப் போனா?"

"அப்பாவும் அம்மாவும் அங்க இவளை அடையாளம் தெரியாமத் தாண்டிப் போயிருவாங்கம்மா. நீதான் மூத்தவ, நீ சொல்லு."

வெயில் ஜன்னலைத் தாண்டி ஆகத்தாவின் கால்மாட்டுக்கு வந்துவிட்டது. பிலோமினா தங்கையின் கைகளைப் போர்வைக்குள் தள்ளி, நகங்களை மறைத்தாள்.

"போடுங்க பெரியப்பா."

கிழவர் சாயத்தில் விரலைத் தோய்த்தார். கோடுகள் நேராக விழுந்தன.

மண் தள்ளும்போது வெர்னன் தேம்பித் தேம்பி அழுதான். "கடைசிவரைக்கும் அழகா இருந்தா," என்று பிலோமினாவின் கையைப் பற்றினான். அவளால் உதற முடியவில்லை. நேரம் நண்பகலாகிக்கொண்டிருந்தது.

இரண்டு வருஷம் கழித்து அரசாங்கத்து ஆட்கள் விசாரிக்க வந்தார்கள். பிலோமினா எல்லாவற்றையும் சொன்னாள். வேறு யார் பார்த்தது என்று கேட்டார்கள். பெரியப்பா அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் இறந்துபோயிருந்தார். அப்படியானால் குழியைத் தோண்டட்டுமா என்றார்கள்.

"வேண்டாம். கோடு கலைஞ்சிரும்."

மொழிபெயர்த்தவன் அதை இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டான். வழக்கு அத்தோடு நின்றது.

குன்றின் மேல் இருக்கும் அவளுடைய கல்லறைக் கல்லில், ஆகத்தா என்ற பெயருக்குப் பின்னால் வெர்னனின் குடும்பப் பெயர்தான் இன்னமும் இருக்கிறது.