யார் தகரம் மேலே?

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான நம் லயத்தின் கடைசி வீட்டுக் காம்பிராவில் இருக்கும் தயானிக்கு இந்த வருசம் கூரை மாற்றியே தீரவேண்டும் என்ற நிலை. மழை வந்தால் சட்டி பானையெல்லாம் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மனுசர்கள் மூலையில் நிற்பார்கள். கொழும்பில் கடையில் நிற்கும் புருசன் ஜீவன் தலையாட்டியதுதான் தாமதம், பண்டாரவளையிலிருந்து கூரை வேலை செய்யும் புஹாரி பாஸைக் கூட்டிவந்துவிட்டாள். நீலத் தகரமும் வந்து இறங்கியது. லயமே வாசலுக்கு வந்து தடவிப் பார்த்தது, பக்கத்துக் காம்பிரா இராக்கம்மாவைத் தவிர.

தயானியின் வாஷிங் மெஷின் தண்ணீர் இராக்கம்மா வாசல் சாக்கடைக் கானில் நுரைத்து ஓடிய நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. திட்ட வேண்டியதைக் கோழியைப் பார்த்துத் திட்டிக்கொள்வார்கள். கோழிகள்தான் பாவம்.

லயத்துக்குக் கூரை ஒன்றுதான், ஆட்கள்தான் வேறு வேறு. அதைத் தயானி மறந்துவிட்டாள். ஓரத்தில் ஒன்றைத் தவிரப் பழைய தகரத்தையெல்லாம் கழற்றி, வீட்டுக்குள் வானம் தெரிந்த பிறகுதான் பாஸ் மேலேயிருந்து குரல் கொடுத்தார்.

"தங்கச்சி, கடைசித் தகரத்த உருவ ஏலா. அந்த வீட்டுத் தகரம் இதுக்கு மேல ஏறி ஈக்கு. காத்து ஒங்கட பக்கத்தாலதான் அடிக்குது, அப்ப ஒங்கடதுதான் மேல வரணும். அந்தக் காலத்துல மாத்திப் போட்டிருக்கானுவ, அதான் இவ்வளவு ஒழுக்கு."

உள்ளேயிருந்த இராக்கம்மா அடுத்த நொடி வெளியே நின்றாள்.

"பாஸு, வெள்ளக்காரன் காலத்துலருந்து எங்க தகரந்தான் மேல. கை வச்சீங்க, ஏணிய எடுத்துருவேன்."

"ஒரு விளிம்பத் தூக்கினா கூரை பறந்துறாதுன்னு சொல்லுங்க பாஸ்," என்றாள் தயானி, இரண்டடி தள்ளி நின்றுகொண்டு.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, சில பேருக்குத்தான் வாய் வரமாட்டேங்குதுன்னு சொல்லுங்க பாஸு."

இரண்டு வீட்டுக்கும் நடுவே முகட்டில் காலைத் தொங்கப்போட்டபடி பாஸ் பெருமூச்சு விட்டார். "நான் தகரம் அடிக்க வந்தனா, தபால் குடுக்க வந்தனா?"

அதற்குள் மலைக்கு அந்தப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்துவிட்டது. தயானி உள்ளே எட்டிப் பார்த்தாள். மெத்தை, டிவி, பிள்ளையின் பள்ளிக்கூடப் புத்தகம், எல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. வீம்பை எடுத்தா மேலே போர்த்த முடியும்? முதல் துளி பாஸின் வழுக்கையில் விழுந்து தெறித்தது.

"அக்கா..."

லயமே திரும்பிப் பார்த்தது.

"என்னா? கேக்கல." இராக்கம்மா காதில் கையை வைத்தாள்.

"அக்கா, ஒங்க தகரத்தக் கொஞ்சம் தூக்கிக்கிறட்டுமாக்கா? மேலயே வேணும்னாலும் வச்சிக்கங்க. மழைக்கு முந்தி மூடினாப் போதும்."

"இத காலையிலயே கேட்டிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்? பாஸு, தூக்குங்க. அவளோடதே மேல வரட்டும், சின்னப்புள்ள ஆசப்படுறா." சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தயானி வீட்டுக்குள் நுழைந்தவள், டிவியைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தாள். "மெத்தைய மடி, நிக்கிறா பாரு மரம் மாதிரி!"

கடைசி ஆணி இறங்கும்போது மழை கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை.

தயானியின் தகரம் மேலே போனது உண்மைதான். ஆனால் மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் இராக்கம்மா சொன்னதைக் கேட்க வேண்டுமே. "நான் எடங்குடுத்தேன், அவளுக்குக் கூரை வந்துச்சு. என்னா தயானி?"

தயானி வாயைத் திறந்தாள். கோழி ஒன்றும் பக்கத்தில் இல்லை.

"ஆமாங்கக்கா," என்றாள்.