பின் சக்கரத்து நாற்றம்

டயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து நெம்பியதுமே முகத்தில் அடித்தது. செத்த எலியையும் ஊசிப்போன தயிரையும் ஒன்றாகக் கரைத்து உள்ளே ஊற்றி மூடிவைத்ததுபோல நாற்றம். என் சைக்கிள் கடை வாசலுக்கு ஓடித் துப்பிவிட்டு வந்தேன். காலையில் தின்ற இட்லி தொண்டைவரை வந்து திரும்பியது.

வாசுகி மூக்கைக்கூடப் பொத்தவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து மணிக்குப் பந்தலூரில் மாவட்ட மலைச் சைக்கிள் போட்டி. முதல் மூன்று பேருக்கு மாநிலப் போட்டியில் இடம். எஸ்டேட் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து போகிற ஒரே பெண் இவள்தான். சைக்கிள் காலேஜில் கொடுத்தது. மணி எட்டரை ஆகிவிட்டது.

டியூப்லெஸ் டயருக்குள் டியூப் கிடையாது. பால்போல ஒரு மருந்தை ஊற்றிவைப்போம். முள் குத்தினால் அந்த மருந்தே ஓட்டையில் உறைந்து அடைத்துவிடும். இவள் டயரில் அது மஞ்சள் கட்டிகளாகச் சீழ்போலக் கிடந்தது. கழற்றுவதற்கு முன், முள் குத்தியிருந்த ஓட்டையில் ரப்பர் திரியைத் திணித்துப் பார்த்திருந்தேன். அதன் ஓரத்தில் சீழ்தான் கொப்பளித்தது. வேறு வழியில்லாமல் கழற்றினேன்.

“எந்த மானங்கெட்டவன் இந்த வேலையப் பார்த்தான்? சோத்தத்தான் திங்கறானா அவன்? கையில கெடச்சா இதையே வழிச்சு அவன் வாயில ஊட்டி உட்ருவேன்.”

“நீங்கதான் ஊத்துனீங்க, லிங்கசாமி அண்ணே,” என்றாள். குற்றம் சொல்லும் தொனிகூட இல்லை. “ரெண்டு மாசமாச்சு. பெரிய மழை அன்னிக்கு.”

அலமாரியில் பழைய மருந்துப் புட்டி இருந்தது. மூடியைத் திறந்தேன். அதே நாற்றம். கடையில் என்னோடு வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி கீர்த்திவாசன், செயினுக்கு எண்ணெய் விடுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டான்.

“மாப்ள, இதுல என்னத்த ஊத்தி வெச்சே?”

“மருந்து தீந்துபோச்சுங்க மாமா. கோயமுத்தூர்ல இருந்து சரக்கு வரலீங்க. கீழ ரப்பர் தோட்டத்துல பால் எறக்கறாங்கல்லங்க, அதுல கொஞ்சம் வாங்கி ஊத்தி வெச்சேன். மருந்தும் ரப்பர் பால்தானுங்களே?”

ரப்பர் பால்தான். ஆனால் கெடாமலிருக்க அதில் கலக்க வேண்டியதைக் கலக்காவிட்டால் அழுகிவிடும். இந்த மடையனுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். அன்று ஊற்றும்போதே வாடை வேறு மாதிரி இருந்தது. சுற்றுலா வந்த பெங்களூர்க்காரர்கள் நாலு பேர் சைக்கிளோடு காத்திருந்தார்கள். அவர்களுடைய டயராக இருந்தால் நின்று மோந்து பார்த்திருப்பேன். லயத்துப் பெண்ணுக்கு என்ன தெரியப்போகிறது என்று ஊற்றிவிட்டேன். அவர்களுக்கு, நான் தனியாக எடுத்துவைத்திருந்த கடைசிப் புதுப் புட்டியை உடைத்தேன். சீ, நானும் ஒரு மனுஷனா என்றிருந்தது.

வெறும் விரலாலேயே எல்லாவற்றையும் வழித்தேன். சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, உள்ளே சாதாரண டியூப் ஒன்றைப் போட்டுக் காற்றடித்தேன். கல்லாக நின்றது. இனி அது டியூப்லெஸ் இல்லை, ஆனால் ஓடும். மணி ஒன்பது இருபது. பந்தலூருக்கு அரை மணிதான்.

“ஏம்மா, உனக்கு இந்த நாத்தம் கொமட்டவே இல்லியா?” என்று கேட்டேன்.

“பழகிருச்சுண்ணே. ரெண்டு வாரமா எங்க வீட்டுலயும் இதே நாத்தம்தான். லயத்துச் சாக்கடை. அம்மா தெனமும் பினாயில் ஊத்திக் கழுவுது, போகல. காலேஜ்ல என் துணியில அடிக்குதுன்னு பொண்ணுங்க தள்ளி உக்கார்றாங்க.”

“சைக்கிள எங்க நிறுத்தறே?”

“வீட்டுக்குள்ளதான். ஒரே ரூம்தானே. தெனமும் காத்து எறங்கிரும், அங்கயே வெச்சு அடிச்சுக்குவேன்.”

அவளுக்கு இன்னும் புரியவில்லை. பேசாமல் அனுப்பிவிடலாம். போட்டிக்குப் போகிற அவசரத்தில் அவள் எதையும் யோசிக்கமாட்டாள். அப்படி ஒரு நினைப்பு வந்ததே எனக்கு அந்த டயரைவிட அசிங்கமாக இருந்தது.

“அது சாக்கடை இல்லீங்கம்மா,” என்றேன். “இந்த டயருங்க, எறங்குற காத்தோட சேந்து வந்துருக்கு. நான் ஊத்துனது.”

வாசுகி டயரைப் பார்த்தாள். பிறகு என் விரல்களைப் பார்த்தாள். தன் சட்டைக் காலரை இழுத்து ஒருமுறை மோந்தாள். சைக்கிளில் ஏறி, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி சொன்னாள்.

“சாயங்காலம் லயத்துக்கு வாங்கண்ணே. அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. நம்ம வீடுன்னா இப்படித்தான் நாறும்னு அது அழுதுச்சு. நான் சொன்னா நம்பாது.”