மூன்றாவது வண்டி

கருணை காட்டுவதற்கும் சுற்றறிக்கை வர வேண்டியிருக்கிற காலம் இது. மேலக்காவனூர் அரசு மருத்துவமனைக்கும் ஒன்று வந்தது. அதன்படி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, மாடிக் கூட்ட அறையில், முப்பத்திரண்டு ஊழியர்களுக்கு ஆளுக்கொரு நெகிழிக் கோப்பும் ஒரு பேனாவும் ஒரு சமோசாவும் வழங்கப்பட்டன. நோயாளியிடம் கனிவாகப் பேசுவது எப்படி என்பது முற்பகலின் முதல் பாதிக்கு. உடன் வேலை செய்பவர் மனமுடைந்து நிற்கையில் அவரைத் தாங்கிப் பிடிப்பது எப்படி என்பது அடுத்த பாதிக்கு. பிற்பகலில் இரண்டையும் ஒருமுறை திரும்பப் பார்த்துவிட்டு, நான்கு மணிக்குச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, வரிசையாக நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டால் மேலிடத்துக்கு நிறைவு. மனித மனத்தை ஒரே நாளில் படித்து முடித்துவிடலாம் என்று நம்புகிறவர்களிடம் என்ன சொல்வது?

பிரசவ வார்டின் தலைமைச் செவிலியர் செவந்தி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கோப்பு மடியில் திறந்திருந்தது. மனம் அதில் இல்லை. முந்தைய நாள் சத்யபிரியா தொலைபேசியில் சொன்ன சொற்களே காதில் நின்றன.

"நாளைக்கு மத்தியானம் வந்து ராஜினாமா லெட்டரக் குடுத்துட்டுப் போயிடுறேன் அக்கா. நீங்க கையெழுத்துப் போட்டு டாக்டருக்கு அனுப்பிடுங்க."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் செவந்தி தொலைபேசியை வைத்தாள். ஆறு ஆண்டுகள் தன்னோடு வேலை பார்த்த பெண், வார்டிலேயே கை தேர்ந்தவள், போகிறேன் என்கிறாள். தன் வாயிலிருந்து வந்தது 'சரிம்மா' மட்டுமே. அந்த ஒரு சொல் இரவெல்லாம் உறுத்தியது.

பதினேழு நாளுக்கு முன் நடந்தது அது. அழகி என்ற இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு இரண்டாவது பிரசவம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. தாய்க்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. செய்ய வேண்டியதையெல்லாம் செய்து, ஆம்புலன்சில் ஏற்றிப் புதுக்கோட்டைக்கு அனுப்பினார்கள். கூடப் போனவள் சத்யபிரியா. பாதி வழியிலேயே அழகியின் உயிர் பிரிந்தது. யார்மேலும் தவறில்லை என்று பின்னர் மாவட்ட விசாரணையிலும் சொன்னார்கள். சத்யபிரியா மட்டும் அதை ஏற்கவில்லை. விடுப்பில் போனவள் வேலைக்குத் திரும்பவேயில்லை.

பயிற்சி தர வந்திருந்த ரகுநாத் சென்னைக்காரர், மென்மையாகப் பேசுபவர். தேநீர் முடிந்ததும் ஓர் அட்டைப் பெட்டியை நீட்டினார். உள்ளே சீட்டுகள். எடுத்தவர் சீட்டில் உள்ளபடி நடித்துக் காட்ட வேண்டும்.

செவந்திக்கு வந்த சீட்டில் இப்படி இருந்தது: 'உங்களுடன் பணிபுரியும் செவிலியர் கவனித்துவந்த நோயாளி இறந்துவிட்டார். அந்தச் செவிலியர் அழுதுகொண்டிருக்கிறார். அவரிடம் பேசுங்கள்.'

"அந்தச் செவிலியரா யாரு இருக்கீங்க?" என்று ரகுநாத் கேட்டதும், மருந்தாளுநர் ஆரோக்கியதாஸ் எழுந்தார். மருத்துவமனையில் எந்தக் கூட்டம் நடந்தாலும் அதன் பாதிச் சிரிப்பு அவருடையது.

"சார், சேலை கட்டிக்கிறணுமா, இப்படியே அழுகலாமா?"

"மீசையோட அழுதாப் போதும் தாஸண்ணே, ஒக்காருங்க" என்றாள் ஆய்வகத்துக் காவ்யா.

"அழுகைக்கு என்ன கொறை? இந்தச் சமோசாவத் தின்னதுலேர்ந்தே கண்ணு கலங்கித்தான் இருக்கு."

அறை சிரித்து ஓய்ந்தது. ஆரோக்கியதாஸ் நாற்காலியில் அமர்ந்து தலையைக் கவிழ்த்து, இரு கைகளையும் மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டார். விளையாட்டுக்குத்தான் செய்தார், ஆயினும் அந்தக் கைகள் கிடந்த விதம் செவந்தியைத் தைத்தது. அவள் எழுந்து அவர் எதிரில் போய் நின்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று யோசிப்பதற்குள் வாய் தானாகத் திறந்தது.

"வெளக்கம் எழுதியாச்சா? எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ."

 அறையே அதிரும்படி சிரிப்பு.

"அக்கா, செத்தது பேசண்டு. என்னைய எதுக்குக் கொல்லுறீங்க?" என்றார் ஆரோக்கியதாஸ்.

செவந்தி சிரிக்கவில்லை.  அன்று சத்யபிரியாவிடம் அவள் சொன்ன சொற்கள், எழுத்துப் பிசகாமல், இவையே. சட்டைக் கையில் இரத்தம் காய்ந்து கறுத்திருக்க, ஆம்புலன்சிலிருந்து இறங்கி வந்து நின்றவளிடம் வெள்ளைத் தாளை நீட்டியவள் இவள்தான். எழுதி வந்ததை வாங்கிப் படித்து, மருந்து போட்ட நேரம் ஐந்து நிமிடம் மாறியிருக்கிறது என்று இன்னொரு முறை எழுத வைத்தவளும் இவள்தான். சத்யபிரியா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வாசலைக் கடந்தபோது, மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த அழைப்பில் பேசிக்கொண்டிருந்ததால், 'பார்த்துப் போ' என்றுகூடச் சொல்லவில்லை.

ரகுநாத் அவள் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும். சீட்டை வாங்கிப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்.

"நடிப்பு வேண்டாம் மேடம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்க வேலைக்குச் சேர்ந்த புதுசுல, இந்த மாதிரி நேரத்துல ஒங்களுக்கு யாராச்சும் ஆறுதல் சொல்லியிருக்காங்களா?"

செவந்தி சன்னல் பக்கமாகத் திரும்பினாள்.

"யாரும் ஆறுதல் சொல்லல சார். பஸ் ஏத்திவிட்டாங்க" என்றாள்.

சிலர் மறுபடியும் சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்த மூத்த ஊழியர் இருவர் மட்டும் சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள்.

இதே மருத்துவமனையில், முப்பது ஆண்டுகளுக்கு முன், செவந்தி வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமே ஆகியிருந்தது. கட்டுவிரியன் தீண்டிய ஒன்பது வயதுச் சிறுமியைக் கடலைக் கொல்லையிலிருந்து தூக்கி வந்தார்கள். 'என் செருப்பு எங்க, புதுச் செருப்பு' என்று அந்தக் குழந்தை திரும்பத் திரும்பக் கேட்டது. 'இந்தா, கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு' என்று செவந்தி சொன்னாள். கட்டிலுக்கு அடியில் ஒன்றுமில்லை. நண்பகலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்நாளில் பிச்சையம்மாள் தலைமைச் செவிலியராக இருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, கையில் கறுப்புக் குடை, சுள்ளென்ற பேச்சு. ஊசியைத் தப்பாகப் பிடித்தால் நோயாளி முன்னாலேயே ஏசிவிடுவார். அவர் அன்று செவந்தியிடம் எதுவும் கேட்கவில்லை. 'கையக் கழுவிட்டு வா' என்றார். குடையை விரித்துக்கொண்டு கூடவே நடந்தார். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பொட்டலம் அவித்த கடலை வாங்கிப் பாதியை இவள் கையில் கொட்டினார். விதி என்றோ, கடவுள் சித்தம் என்றோ ஒரு வார்த்தை இல்லை. 'வீட்டுல இன்னைக்கு என்ன கொழம்பு?' என்று மட்டும் கேட்டார்.

பொன்னமராவதி வண்டி வந்தது. பாதிக்கு மேல் இருக்கைகள் காலி. 'கூட்டமா இருக்கு, அடுத்ததுல போ' என்றார் பிச்சையம்மாள். அடுத்த வண்டிக்கும் அதையே சொன்னார். அந்த இரண்டு வண்டிகளுக்கும் இடையில்தான் செவந்தி செருப்பைப் பற்றிச் சொன்னாள். சொல்லி முடித்து, கடலைத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். மூன்றாவது வண்டியில் ஏற்றிவிட்டார். மறுநாள் காலை அவள் இறங்கியபோது, அதே நிறுத்தத்தில், அதே குடை நின்றுகொண்டிருந்தது.

அவளுக்கு மட்டும் கிடைத்த சலுகையன்று அது. அந்த மருத்துவமனையின் வழக்கமே அதுதான். யார் கண்ணெதிரில் ஒருவர் இறந்தாலும், அந்த ஊழியர் தனியாக வீடு திரும்பக் கூடாது. ஒருவர் போய் ஏற்றிவிட வேண்டும். ஏற்றிவிட்டவரே மறுநாள் போய் இறக்கி அழைத்து வரவும் வேண்டும். காவலாளி இன்னாசியைப் பிணவறைத் துப்புரவாளர் ஏற்றிவிட்டதுண்டு. மருத்துவரைத் துப்புரவாளர் ஏற்றிவிட்டதும் உண்டு. இதற்குப் படிவமில்லை, பதிவேடு இல்லை. எந்த மேதையும் வந்து வகுப்பெடுக்கவும் இல்லை.

அதை யாரும் நிறுத்தவில்லை. அது தானாக நின்றுபோயிற்று. ஊழியர்கள் இருசக்கர வண்டி வாங்கினார்கள். பிறகு வாசலில் விரல்ரேகைக் கருவி வந்தது; பணி நேரத்தில் வளாகத்தைத் தாண்டினால் சம்பந்தப்பட்டவருக்குக் குறிப்பாணை. நான்கு பேர் பார்த்த வார்டை இரண்டு பேர் பார்க்கத் தொடங்கிய பின், ஏற்றிவிட யார் போவது? பிச்சையம்மாள் ஓய்வு பெற்ற நாளில், அவரை ஏற்றிவிடப் போனவள் செவந்தி. அவள் ஏற்றிவிட்ட கடைசி ஆளும் அவரே.

மதிய இடைவேளையில் செவந்தி கீழே இறங்கினாள். வார்டு வாசலில், சாதாரணச் சுடிதாரில், சத்யபிரியா நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு நீள உறை. முகம் பாதியாகியிருந்தது.

"ஒரு கையெழுத்துதான் அக்கா."

"பெறகு போடுறேன். வா, ஸ்டாப்பு வரைக்கும் போயிட்டு வருவம்."

"ஸ்கூட்டியிலதான வந்திருக்கேன்."

"அது இங்கிட்டே நிக்கட்டும். சாவியக் குடு."

சத்யபிரியாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆயினும் ஆறு ஆண்டுப் பழக்கத்தில் கை தானாகச் சாவியை நீட்டிவிட்டது. மாடிப்படியிலிருந்து ஆரோக்கியதாஸ் குரல் கொடுத்தார்:

"அக்கா, ரேகை வைக்காமப் போறீங்க! சர்ட்டிபிகேட் தர மாட்டாங்க!"

"நீயே வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிக்க தாஸு!"

நிறுத்தத்துக்குப் புதுக் கூரை போட்டிருந்தார்கள். கடலைக்காரர் ஒருவர் இப்போதும் இருந்தார். செவந்தி ஒரு பொட்டலம் வாங்கிப் பாதியைச் சத்யபிரியாவின் கையில் கொட்டினாள். தன் பங்கைத் தோலுரித்துத் தின்றாள். சத்யபிரியா முதலில் மறுத்தாள். பிறகு மெல்ல உரிக்கத் தொடங்கினாள். அரிமளம் வண்டி வந்தது.

"கூட்டமா இருக்கு. அடுத்ததுல போ."

"அக்கா, டிரைவரும் கண்டக்டரும்தான் இருக்காங்க."

"அதுவே ரெண்டு பேரு."

சத்யபிரியாவின் உதட்டோரம் லேசாக அசைந்து அடங்கியது. நடத்துநர் எட்டிப் பார்த்து, "ஏறலையாத்தா?" என்றார். "நீங்க போங்கண்ணே" என்று அனுப்பிவிட்டாள் செவந்தி. புழுதி அடங்கியது. பிறகு, சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அன்னைக்கு ஒன்னைய மொதல்ல கையக் கழுவச் சொல்லியிருக்கணும். நான் பேப்பரக் குடுத்தேன். ஒனக்குப் பண்ணக் கூடாதத நான்தான் பண்ணிட்டேன், சத்யா."

 சத்யபிரியா கையிலிருந்த கடலையை உரிக்காமலே உருட்டிக்கொண்டிருந்தாள். அரை மணி நேரத்தில் இரண்டாவது வண்டி வந்தது. செவந்தி ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தாள். சத்யபிரியாவே நடத்துநரைப் பார்த்துத் தலையை அசைத்து, போகச் சொன்னாள்.

வண்டி வளைவில் மறைந்த பிறகு அவள் பேசினாள்.

"ஆம்புலன்ஸ்ல போறப்ப அழகி என் கையப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு கேட்டுச்சு. 'மூணு மணிக்கு ஸ்கூல் வேன் வந்துரும், பெரியவள யாரு எறக்கிக் கூப்பிடுவா?'ன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமாக்கா? 'நீங்களே போய்க் கூப்பிடுவீங்க'ன்னேன். தெரிஞ்சே சொன்னேன். நாடி எறங்கிட்டு இருக்கு, எனக்குத் தெரியும். அதுக்குப் பெறகு அது பேசவே இல்ல."

செவந்தி உரித்த கடலையைப் பொட்டலத்திலேயே திரும்பப் போட்டாள்.

"ரெண்டு தடவ வெளக்கம் எழுதுனேன். மருந்து எத்தன மணிக்கு, ரத்தம் எவ்வளவு, எல்லாம் எழுதுனேன். இத எங்கிட்டுப் போயி எழுதுறது? தெனமும் மூணு மணியானா எங்க தெருவுல ஒரு வேன் வந்து நிக்குதுக்கா."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. பகல் வெயிலில், பேருந்து நிறுத்தத்தில், வாய்விட்டு அழுதாள். 'உங்கள் வலி எனக்குப் புரிகிறது' என்று தொடங்கும்படி கோப்பின் ஏழாம் பக்கத்தில் அச்சிட்டிருந்தார்கள். செவந்தி அப்படித் தொடங்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இல்லாத செருப்பைப் பற்றிச் சொன்னாள். முப்பது ஆண்டுகளில் இரண்டாவது முறையாக. சத்யபிரியா அழுகையின் நடுவே தலையை நிமிர்த்திப் பார்த்தாள். அவ்வளவுதான் நடந்தது. பிறகு இருவரும் மிச்சக் கடலையை உரித்தார்கள்.

"வீட்டுல இன்னைக்கு என்ன கொழம்பு?"

"எங்க வச்சேன்? பதினேழு நாளா அவரு வைக்கிற ரசந்தான்."

"பாவம்தான்."

"யாருக்கா, நானா அவரா?"

"ரசம்."

மூன்றாவது வண்டி வந்தது. அதில் உண்மையிலேயே கூட்டம். சத்யபிரியா படியில் கால் வைத்த பிறகுதான் நினைவு வந்து திரும்பினாள்.

"ஸ்கூட்டி இங்கயே நிக்குதே! காலையில வந்து எடுத்துக்கிறவா?"

"ஏழு பத்து வண்டியில வா. நான் இங்கனதான் நிப்பேன்."

"லெட்டரு..."

"எறங்கினதும் பேசுவம்" என்று செவந்தி அவள் கையிலிருந்த உறையை வாங்கிக்கொண்டாள்.

செவந்தி திரும்பி, வார்டைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போனபோது புகைப்படம் எடுத்து முடித்திருந்தார்கள். வருகைத் தாளில் அவள் பெயருக்கு நேராக, 'பிற்பகல் பயிற்சியில் பங்கேற்கவில்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அவள் அதைப் படித்துவிட்டு, உறையை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் ஏழு மணிக்கே அவள் நிறுத்தத்தில் இருந்தாள். தூறல் இல்லை, வெயிலும் ஏறவில்லை. என்றாலும் கையில் குடை இருந்தது. ஏழு பத்து வண்டி ஏழே காலுக்கு வந்தது. முன்படி வழியாக நான்கு பேர் இறங்கினார்கள், சத்யபிரியா இல்லை. செவந்தி எட்டிப் பின்படியைப் பார்த்தாள். பின்படியில் ஒரு கூடைக்காரி இறங்கினாள். அவளுக்குப் பின்னால், அதே சுடிதாரில், சத்யபிரியா இறங்கி வந்தாள்.

செவந்தியின் கண்கள் முதலில் பார்த்தது அவள் முகத்தையன்று, கையை. அந்தக் கையில் மதியச் சாப்பாட்டுத் தூக்கு இருந்தது.

"சாவியக் குடுங்கக்கா" என்றாள் சத்யபிரியா.

"சாயங்காலம் தாரேன். நட" என்று சொல்லிச் செவந்தி குடையை விரித்தாள்.