கண்டல் வேர் மாலை

கடலிற் கலக்க மனமில்லாததுபோல் ஆறு தயங்கி வளையும் கழிமுகத்தில், விடியலின் செவ்வொளி நீர்மேல் உருகிய பொன்னெனப் பரவ, சேற்றினின்று ஆயிரம் விரல்களை நீட்டியவாறு கண்டல் மரங்கள் மூச்சுவேர் காட்டி நின்றன. அக்கரையோரத்து அணிகலப் பட்டறையின் மாடிச் சாளரத்தருகே, அவ்வேர்களைப் பார்த்தே வளர்ந்தவளும், அவற்றின் பின்னலைப் பொற்கம்பியில் முறுக்கி, இடையிடையே நீர்த்துளியாய் முத்துக் கோத்த கழுத்தணியை முதன்முதல் தாளில் தீட்டியவளுமான மங்கையொருத்தி அமர்ந்திருந்தாள். அவ்வூரார் அம்மாலையையே நாடி வர, பத்தாண்டுகளாக அவளும் அதனையே வரைந்தாள். வேறெது வரைந்து நீட்டினும், பட்டறைக்குரிய அவள் தமையன் புன்முறுவலோடு திருப்பித் தந்தான்.

அன்று தொலைநகரப் பட்டறையொன்றிலிருந்து அவளுக்கு மடல் வந்தது: ‘எங்களிடம் வாருங்கள், விரும்பியதை வரையலாம். முதலில் புதிதாய் ஒன்று வரைந்தனுப்புங்கள்.’ அதனைத் தமையனிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

“போறதுன்னா தாராளமா போம்மா,” என்றான் அவன், கையிலிருந்த வளையலின் அரத்தூளை ஊதியவாறே. “ஆனா கண்டல் வேர் நம்ம பட்டறையோடது. வேற எங்கயும் அதை நீ வரையக் கூடாது. மொதல்ல அதை வரைஞ்ச அன்னைக்கே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்க.”

“நான் பாத்து வளர்ந்த மரம்ண்ணே அது!”

“மரத்தை எவ்வளவு வேணும்னாலும் பாரு. யாரு வேணாம்னா?”

உலகில் வேறு உருவமா இல்லை என்று தனக்குள் நகைத்து, சாளரத்தைச் சாத்திவிட்டு அவள் எழுதுகோலை எடுத்தாள். நாரையை வரைந்தாள், அதன் கால்கள் கிளைத்துச் சேற்றில் இறங்கின. மழையை வரைந்தாள், தாரைகள் மண்ணைத் தொடுமுன் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டன. அழித்தழித்துத் தாள் ஓட்டையாயிற்று. மூன்றாம் நாள், கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் கோடு இழுத்தாள். திறந்து பார்க்கையில் அதுவும் வேராகவே வளைந்திருந்தது. மேசைமேல் தலைசாய்த்து ஓசையின்றி அழுதாள்.

நான்காம் நாள், ‘வர இயலாது’ என விடை எழுதினாள்.

“எனக்குத் தெரியும்மா, நீ எங்கயும் போக மாட்டேன்னு,” என்று உண்மையாகவே அகமகிழ்ந்த தமையன், அதுநாள்வரை தன்னிடமே வைத்திருந்த வரைதாட் பேழையின் திறவுகோலை அவள் உள்ளங்கையில் வைத்தான். “இனிமே இது உன்கிட்டயே இருக்கட்டும்.”

அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு புதுத்தாள் விரித்தாள். படிப்போரே, அயலார் பூட்டிய கதவை என்றேனும் உடைத்துவிடலாம். தன் விரல்களுக்குள்ளேயே வேரோடிவிட்ட சிறையினின்று எவ்வழியே வெளியேறுவது? பொழுது சாயுமுன் அவள் தீட்டி முடித்த மாலை, முன்னெப்போதினும் அழகாயிருந்ததென்றே எல்லாரும் கூறினர்.