பாண்டீஸ்வரி தட்டிய கதவு

பாண்டீஸ்வரி காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்த வாரத்திலும், போடிநாயக்கனூரில் ஏலத்தோட்ட முதலாளி வீரையாவின் வீட்டுக் கதவை அவள் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். அவள் கிடந்தது ஊரின் மேற்குக் கடைசியில், தகரம் போட்ட ஒற்றை அறை வீட்டில். கதவு இருந்தது ஊரின் நடுவில், நகைக்கடைகளுக்குப் பின்னால் போகிற தெருவில். வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண்களும் பால்காரரும் பார்த்தார்கள். கதவின் முன்னால் ஆள் இல்லை. தட்டல் மட்டும் கேட்டது. முதலில் ஒன்று, பிறகு யோசிப்பது போல் ஓர் இடைவெளி, பிறகு அடுத்தடுத்து இரண்டு. மாதக்கணக்கில் காலைதோறும் கேட்டுப் பழகியதால் அது அவளுடைய தட்டல்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த வாரம் ஏலக்காய் விலை இறங்கியிருந்தது. ஆகவே டீக்கடைகளில் பாதிப் பேச்சு விலையைப் பற்றியும் பாதிப் பேச்சு கதவைப் பற்றியும் நடந்தது.

அவளுடைய கணவன் முத்துப்பாண்டி, வீரையாவின் ஜீப்பை ஓட்டியவன். விடியற்காலையில் காய் எடுக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டைத் தாண்டித் தோட்டத்தில் விடுவதும் சாயங்காலம் கூட்டி வருவதும் அவன் வேலை. ஒரு மழைக்காலத்து மாலையில் இறங்கி வரும்போது, கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஜீப்பு திரும்பாமல் நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. முத்துப்பாண்டியும், தோட்டத்தில் வேலை செய்த கன்னையனின் மனைவி கருத்தம்மாவும் செத்துப்போனார்கள். மற்றவர்கள் கை கால் ஒடிந்து பிழைத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் கூடிய கூட்டத்திடம் வீரையா ஒரே வாக்கியம்தான் சொன்னார்: "குடிச்சிட்டு ஓட்டிருக்கான்." அது போதுமானதாக இருந்தது. முத்துப்பாண்டி ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவன். ஞானஸ்நானம் எடுத்த நாளோடு விட்டுவிட்டான், விட்டும் பல வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் ஊர் அவனுடைய பழைய வாடையைத்தான் ஞாபகம் வைத்திருந்தது. சபையிலும் அவன் பழைய வழிக்குத் திரும்பிவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். அடக்க ஆராதனையைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்கள். முத்துப்பாண்டியை மாப்ளே என்றும் அவளைத் தங்கச்சி என்றும் கூப்பிட்டு வந்த கன்னையன், அதற்குப்பின் அவளைக் கண்டால் தெருவின் அடுத்த பக்கம் போனான்.

பாண்டீஸ்வரிக்கு வேறொன்று தெரியும். அன்று விடியற்காலையில் கஞ்சியைக் குடித்துவிட்டுக் கிளம்பும்போது முத்துப்பாண்டி சொல்லிவிட்டுப் போயிருந்தான்: "பிரேக்கு சரியாப் புடிக்க மாட்டேங்குது. மொதலாளிட்டப் போன்ல சொல்லிட்டேன். இன்னைக்கி ஒரு நட போயிட்டு வா, நாளைக்கிப் பாப்போம்ங்கிறாரு." இதைச் சொன்னவனும் போய்விட்டான். கேட்டவள் அவனுடைய மனைவி. அவள் பேச்சை யார் எடுப்பார்கள்? மலைக்கு வேலைக்குப் போவதை விட்டுவிட்டு, ஒரு வியாபாரியின் சரக்குக் கிட்டங்கியில் ஏலக்காயைத் தரம் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். நர்சிங் படிக்கிற மகள் சுகன்யாவோடு சபையின் கடைசி வரிசையில் உட்கார ஆரம்பித்தாள்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, போதகர் நிலவன் ஓர் உவமையைப் பிரசங்கித்தார். ஒரு பட்டணத்தில் கடவுளுக்கும் மனிதருக்கும் அஞ்சாத நீதிபதி ஒருவன் இருந்தான். அதே பட்டணத்து விதவை ஒருத்தி நியாயம் கேட்டு அவனிடம் வந்துகொண்டே இருந்தாள். வெகுநாள் மறுத்தவன், இவள் தொந்தரவு தாங்க முடியவில்லை என்பதற்காகவே கடைசியில் நியாயம் செய்தான். அநியாயக்காரனே இப்படிச் செய்தால் கடவுள் செய்யாமல் இருப்பாரா, ஆகவே சோர்ந்துபோகாமல் ஜெபியுங்கள் என்று முடித்தார். கேட்டவர்கள் மகன் வேலைக்கும் மகள் கல்யாணத்துக்கும் இன்னும் கொஞ்சம் ஜெபிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு சாப்பிடப் போனார்கள். பாண்டீஸ்வரிக்கு யாரோ விலாசம் சொன்னது போல் இருந்தது. மறுநாள் காலை, கிட்டங்கிக்குப் போகும் வழியில் வீரையா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

மலைச்சரிவில் எல்லைத் தகராறு, தண்ணீர்த் தகராறு எதுவானாலும் வீரையாவின் முன்னறைக்குத்தான் வரும். அவர் சொன்னால் இரு தரப்பும் கட்டுப்படும். சாமிக்கும் பயந்தவனில்லை, சர்க்காருக்கும் பயந்தவனில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். அவர் கதவைத் திறக்கவில்லை. அவள் வருவதை நிறுத்தவும் இல்லை. பல நாள் கழித்து ஒருமுறை ஜன்னலை மட்டும் திறந்தார்.

"என்னம்மா வேணும் ஒனக்கு? காசு கீசு வேணும்னா கணக்கப்பிள்ளையப் போய்ப் பாரு."

"காசு வேணாம் மொதலாளி. பிரேக்கு புடிக்கலன்னு எங்க வீட்டுக்காரரு ஒங்ககிட்டச் சொன்னாரா, இல்லையா? அத நாலு பேரு முன்னாடி சொல்லுங்க. போதும்."

"குடிகாரப் பயலுக்கு நான் சாட்சி சொல்லணுமாக்கும்?" என்று மோதிரம் போட்ட கையால் ஜன்னலைச் சாத்தினார்.

மழைக்காலம் போய், கிறிஸ்துமஸ் போய், அடுத்த காய் எடுப்பும் முடிந்தது. அவள் தட்டிக்கொண்டிருந்தாள். அதன் பிறகுதான் காய்ச்சல் வந்தது. அவள் வராமலே தட்டல் வந்தது.

வீரையா முதலில் காவலுக்கு ஆள் போட்டார். பிறகு கேமரா வைத்தார். கேமராவில் வெறும் வாசலும், ஒவ்வொரு தட்டுக்கும் லேசாக அதிர்கிற தேக்குக் கதவும் பதிவாகின. அந்தப் படம் மதியத்துக்குள் ராசிங்காபுரம் வரைக்கும் எல்லாருடைய போனுக்கும் போய்விட்டது. ஆசாரியை வரவழைத்துக் கதவையே கழற்றி எடுத்தார். திறந்து கிடந்த நிலைக்கு நடுவே, காற்றில், தேக்கைத் தட்டும் சத்தம் கேட்டது. அதோடு தட்டல் வீட்டை விட்டும் கிளம்பி அவர் போன இடமெல்லாம் போனது. ஜீப்புக் கதவில் கேட்டது, குளியலறைக் கதவில் கேட்டது, சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடியில் கேட்டது. ஒருநாள் தேனிக்குப் பஸ்சில் போனார். நிறுத்தம் இல்லாத இடங்களிலெல்லாம் வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்ட, கண்டக்டர் திறந்து திறந்து பார்த்துக் கடைசியில் அவரைப் பாதி வழியில் இறக்கிவிட்டார். அவருடைய மனைவி பெரியம்மாள் மட்டும் மரியாதை தெரிந்தவள். ஒவ்வொரு தட்டுக்கும் அடுப்படியிலிருந்து "இருங்க, வர்றேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். வீரையாவுக்குத் தூக்கம் போனது. வழக்குச் சொல்ல வந்தவர்களின் பேச்சு காதில் விழாமல், தோற்க வேண்டியவன் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

செய்வினைதான் என்று முடிவானது. ஒரு மதிய நேரத்தில் தோட்டத்து ஆட்கள் ஜீப்பில் வந்து பாண்டீஸ்வரியின் வீட்டு முன் இறங்கினார்கள். ஒருவன் கையில் பெட்ரோல் கேன் இருந்தது. கன்னையனும் வந்திருந்தான். சுகன்யா வாசலில் இரண்டு கைகளையும் நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"தள்ளு புள்ள. ஒங்காத்தாளை நிறுத்தச் சொல்லு. இல்ல, கூரையோட போயிரும்."

"எந்திரிச்சு ஒக்கார முடியாமக் கெடக்கு. உள்ள வந்து பாருங்க. பாத்துட்டுக் கொளுத்துங்க" என்றாள் சுகன்யா. நிலையிலிருந்து கைகளை எடுக்கவில்லை.

கன்னையன்தான் குனிந்து உள்ளே போனான். பாண்டீஸ்வரி சுவரோரம் படுத்திருந்தாள். காய்ந்துபோன அவளுடைய கைகள் இரண்டும் போர்வைக்கு மேலே கிடந்தன. அந்த நேரத்தில் கேன் வைத்திருந்தவனின் போன் அடித்தது. வீரையா பேசினார். "நிறுத்திட்டாளா? என்ன செய்றா?" என்று அவர் கத்தியதற்குப் பின்னால், போனுக்குள்ளிருந்து தெளிவாகக் கேட்டது: ஒன்று, ஓர் இடைவெளி, பிறகு இரண்டு. கன்னையன் போர்வைக்கு மேலே கிடந்த கைகளைப் பார்த்தான். விரல்கூட அசையவில்லை. வெளியே வந்து, போனை வாங்கி, "மொதலாளி, இவ கை இங்கனதான் இருக்கு" என்றான். பிறகு அடுத்தவன் கையிலிருந்த கேனைப் பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்த்தான். வெறுங்கேன் தெருவில் உருண்டது. அவன் மறுபடி வாசலுக்கு வந்து, பாண்டீஸ்வரியைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கேட்டான்.

"அன்னைக்கி அவன் என்ன சொல்லிட்டுப் போனான்?"

அவள் சொன்னாள். அவன் ஜீப்பில் ஏறாமல் நடந்தே போய்விட்டான்.

அன்று சாயங்காலம் போதகர் நிலவன் வந்தார். சபை கட்டியிருந்த இடம் வீரையாவுக்குச் சொந்தமானது. எப்போது வேண்டுமானாலும் காலி பண்ணச் சொல்லலாம் என்று போதகருக்குச் சேதி போயிருந்தது. வெகுநேரம் தண்ணீர்ச் செம்பையே கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, இந்த ஜெபத்தக் கொஞ்ச நாளு நிறுத்தி வைக்க முடியுமா?" என்று கேட்டார்.

"நான் ஜெபிச்சே பத்துப் பதினஞ்சு நாளாச்சு பாஸ்டர். காய்ச்சல்ல ஒண்ணும் நெனப்பு வரல."

"அப்ப அங்க யாருக்கா தட்டுறது?"

"நீங்க அந்தக் கதையச் சொன்னப்ப, கதவுக்கு உள்ள ஒக்காந்திருக்கவருதான் கடவுள், நம்மதான் வெளிய நின்னு தட்டணும்னு நெனச்சுக்கிட்டேன். அவரு உள்ள இல்ல பாஸ்டர். வெளியதான் நிக்கிறாரு, எம் பக்கத்துல. எனக்கு முடியலன்னதும் அவரே தட்டுறாரு."

போதகர் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அடுத்த ஞாயிறு அவர் பிரசங்கம் செய்யவில்லை. அந்த விதவையின் பகுதியை மட்டும் வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கேரள எல்லையைத் தாண்டினால் தட்டல் விட்டுவிடும் என்று வீரையா நம்பினார். கூட வர எந்த டிரைவரும் சம்மதிக்காததால் தானே ஜீப்பை ஓட்டிக்கொண்டு போடிமெட்டு ஏறித் தோட்டத்துப் பங்களாவுக்குப் போனார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அங்கிருந்த மலையாளத்துக் காவல்காரர் வந்து, "மொதலாளி, ஆரோ முட்டுந்நுண்டு" என்று கதவைக் காட்டினார். பங்களாவில் கதவுகள் அதிகம். எல்லாக் கதவும் தட்டப்பட்டது. மறுநாள் மதியத்துக்கு மேல், மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தபோது, அவர் மறுபடி ஜீப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

முத்துப்பாண்டி விழுந்த வளைவு நெருங்கும் வரை தட்டல் ஜீப்பின் கூரையில் இருந்தது. வளைவு கண்ணில் பட்டதும் அது இடம் மாறியது. அவருடைய கால் பிரேக்கை மிதித்திருக்க, அந்தப் பாதத்துக்கு நேர் கீழே, பிரேக்கின் அடியிலிருந்து தட்டியது. அவர் அழுத்தினார். பிரேக்கு தண்ணீரில் கால் வைத்தது போல் உள்ளே போனது. வண்டி நிற்கவில்லை. மறுபடி அழுத்தினார். முன்னால் பனியும், பனிக்கு அப்பால் ஒன்றுமில்லாததும் தெரிந்தன. பின்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஆனாலும் பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அலறுகிற சத்தத்தை அவர் கேட்டார். கியரைக் குறைத்து, மலைப்பக்கமாகத் திருப்பி, பாறையில் உரசி வண்டியை நிறுத்தினார். பிற்பாடு அதைச் சோதித்த மெக்கானிக், பிரேக்கில் ஒரு பழுதும் இல்லை என்றுதான் சொன்னார். வீரையா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பாதத்துக்கடியில் தட்டல் நிதானமாகத் தொடர்ந்தது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு இறங்கி, வந்த பஸ்சைக் கைகாட்டி நிறுத்தி ஏறினார்.

போடியில் ஜீப்பு ஸ்டாண்டில் அவர் வந்து நின்றபோது தோட்டங்களிலிருந்து திரும்பிய பெண்கள் தூக்குவாளிகளோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். கன்னையனும் அங்கே இருந்தான். அவர் யாரையும் கூப்பிடவில்லை. சத்தமாகப் பேசத் தொடங்கியதும் கூட்டம் தானாக நின்றது.

"முத்துப்பாண்டி குடிக்கல. பிரேக்கு புடிக்கலன்னு காலையிலயே எங்கிட்டச் சொன்னான். காய் பழுத்து விழுகுது, இன்னைக்கி ஒரு நட போயிட்டு வான்னு நான்தான் அனுப்புனேன். குடிச்சான்னு சொன்னதும் நான்தான். திருந்திட்டேன்னு யாரும் நெனச்சுக்கிற வேணாம். எனக்குத் தூங்கணும். அதுக்காகச் சொல்றேன்."

கன்னையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றான். அடிக்கப்போகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். "எம் பொண்டாட்டி ஏறும்போது ஒனக்குத் தெரியும்ல?" என்று கேட்டான். முதலாளியை அவன் ஒருமையில் கேட்டது அதுதான் முதல்முறை.

"தெரியும்."

கன்னையன் இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டு அழுதான். அப்போதுதான், அவரோடு கூடவே வந்த தட்டல் நின்றுவிட்டதை மற்றவர்கள் கவனித்தார்கள். வீரையா வீட்டுக்குப் போய்ப் படுத்தார். மறுநாள் போலீசார் வந்து எழுப்பித்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

அன்றைக்கே கன்னையன், பாண்டீஸ்வரியின் வீட்டுக்குப் போனான். "தங்கச்சி" என்று கூப்பிட்டுவிட்டு வாசலிலேயே நின்றான். காய்ச்சல் விட்டு எழுந்திருந்தவள் அவனுக்குச் சோறு போட்டாள். சபையில் போதகர் எழுந்து, முத்துப்பாண்டி விசுவாசத்தில் மரித்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பலர் அவளிடம் வந்து மன்னிப்புக் கேட்டார்கள். அவள் தலையாட்டினாள்.

ஜாமீனில் வந்த வீரையாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து, படுக்கையோடு ஆகிவிட்டது. பெரியம்மாள் ஒருநாள் நேரில் வந்தாள். "ஆத்தா, ஒரு தடவ வந்து மொகத்தக் காட்டிட்டுப் போ. மன்னிச்சேன்னு ஒரு வார்த்த. அதுக்குத்தான் உசுரப் புடிச்சிருக்காரு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நியாயம் கேட்டேன், கெடச்சிருச்சும்மா. மத்தது எனக்கு இன்னும் வரல. வராம வந்து பொய் சொல்ல மாட்டேன்."

அதற்கு அடுத்த காலையில் பாண்டீஸ்வரியின் கதவு தட்டப்பட்டது. கனமான கை, மோதிரம் மரத்தில் படுகிற சத்தமும் கேட்டது. சுகன்யா திறந்து பார்த்தாள், யாரும் இல்லை. பாண்டீஸ்வரி அடுப்பிலிருந்து திரும்பாமலே, "தெரியும், மொதலாளிதான்" என்றாள். அன்றுமுதல் அது நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பழகிவிட்டார்கள். போதகர் வரும்போது அவர் காதிலும் விழுகிறது. அவள் கிட்டங்கிக்குக் கிளம்பும்போது தட்டல் ஒதுங்கி வழி விடுகிறது, சாயங்காலம் அவள் உள்ளே போனபின் மறுபடி தொடங்குகிறது. வா என்று அவள் இன்னும் சொல்லவில்லை. மழை பெய்கிற நாட்களில் மட்டும், வெளியே நிற்பவர் நனைய வேண்டாம் என்று, கதவை ஒருக்களித்து வைக்கிறாள்.