அறுபத்தொரு தொட்டிகள்

"மெதுவா, மெதுவா! இலை ஒடிஞ்சா அந்த மனுஷன் எழுந்து வந்து சண்டை போடுவாரு" என்று சொன்ன எதிர்வீட்டுத் தையல்காரர், சொன்ன பிறகே அது உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அவரும் அந்த வீட்டு மருமகனும் பாம்புச் செடி வாளிகளைக் கூடத்திலிருந்து வெளியே மாடி நடைபாதைக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்காரரின் உடல் வர இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. கூடத்திலோ ஓர் ஆளைப் படுக்கவைக்க இடமில்லை.

எப்படி இருக்கும்? மொத்தம் அறுபத்தொரு தொட்டிகள். தொட்டி என்பது மரியாதைக்குச் சொல்வது. பெயின்ட் டப்பா, விரிசல் விட்ட குக்கர், லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த காலத்தில் சேர்த்த கிரீஸ் டின் என்று கையில் கிடைத்ததிலெல்லாம் மண்ணைப் போட்டு எதையாவது ஊன்றிவிடுவார். ஒரு காய்த்தோலைக் குப்பையில் போட விடமாட்டார், மக்கவைத்து உரமாக்கிவிடுவார். நேற்றுக் காலை பெரணிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

அவர் மனைவி சமையலறை வாசலில் நின்று, தொட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. நெஞ்சுக்குள் நடந்துகொண்டிருந்ததை யாரிடமும் சொல்லவும் முடியாது. அவளுக்கு நன்றாக மூச்சு விட முடிந்தது. அது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பதினோரு வருஷ இருமல். செடி வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகும் என்று எங்கோ படித்துவிட்டு, அவளுக்காக அவர் முதலில் ஒரு மணிபிளான்ட் வாங்கிவந்தார். இருமல் நிற்கவில்லை. ஒன்று போதாது போலிருக்கிறது என்று இன்னும் இரண்டு வந்தன. அவள் இரும இரும அவர் கொண்டுவந்து குவித்தார், அவர் குவிக்கக் குவிக்க அவள் இருமினாள். நல்ல ஜோடி! ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டுக் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஈர மண்ணில் பிடிக்கிற பூஞ்சை இவளுக்கு ஆகவில்லை. தொட்டிகளை வீட்டுக்கு வெளியே எடுத்துவிட வேண்டும்.

டாக்டரின் அறைக்கு வெளியே அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்குமாம்."

"அதெல்லாம் இல்ல. காத்து சரியில்ல. படுக்கிற ரூம்ல இன்னும் நாலு வைப்போம்."

வைத்தார்.

மதியம் எல்லாம் முடிந்தது. எடுத்துப்போகிறவர்கள் எடுத்துப்போனார்கள், வந்தவர்கள் போனார்கள். மூன்று மணிக்கு மகள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடைபாதைக்குக் கிளம்பினாள்.

"எல்லாத்தையும் உள்ள வச்சிடறேம்மா. உன் மூச்சுக்காக அப்பா பாத்துப் பாத்து வளத்தது."

"வேணாம்டி."

"ஏம்மா?"

சொன்னாள். ஆறு வருஷமாகத் தொண்டையில் நின்றதை நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

"லூசாம்மா நீ? அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா அன்னிக்கே எல்லாத்தையும் தூக்கிப் போட்டிருப்பாரு. ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தாரே, மறந்துட்டியா? இதுங்க வந்தப்புறம்தான்டி அந்த மனுஷன் வாயத் தொறந்து பேசினாரு. காலைல எழுந்தா, 'இங்க வா, புதுசா இலை விட்டிருக்கு பாரு'ன்னு என்னைக் கூப்பிடுவாரு. தினமும் கூப்பிடுவாரு."

மகள் அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, காரியத்தில் இறங்கினாள். அவள் அப்பாவைப் போல. தையல்காரரைக் கூட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏறி, வேண்டுமென்றவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். ஐந்து மணிக்குள் நடைபாதை கிட்டத்தட்டக் காலியாகிவிட்டது.

"வீட்டுக்குப் போய் மாத்துத்துணி எடுத்துட்டு வந்துடறேம்மா. ரெண்டு மணி நேரம். இருப்பியா?"

"இருக்காம எங்க போகப் போறேன்?"

கதவு சாத்திக்கொண்டது. கூடம் இவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரியாது. மூச்சு எங்கும் தட்டாமல் அடிவரைக்கும் போய்விட்டு வந்தது. மறுபடியும் போய்விட்டு வந்தது. ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்டது. "பாவி மனுஷா, இப்படித் தனியா விட்டுட்டுப் போயிட்டியே" என்று வாய்விட்டுச் சொன்னாள். அந்தச் சத்தமும் உடனே அடங்கிவிட்டது.

எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். படிக்கட்டின் பக்கத்தில் ஒரே ஒரு ரப்பர் செடி நின்றுகொண்டிருந்தது. டிரம்மில் வளர்ந்தது, அவளைவிட உயரம். லிஃப்டுக்குள் நுழையாததால் யாரும் எடுத்துப்போகவில்லை.

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். நிலைப்படியில் மாட்டிக்கொண்டது. திட்டிக்கொண்டே தூக்கி ஏற்றினாள். கூடத்தில் ஒரு தடவை நின்று இளைப்பாறி, படுக்கையறைவரை இழுத்துவந்து, கட்டிலை ஒட்டி, அவர் படுக்கிற பக்கத்தில் நிறுத்தினாள். மண் ஈரமாகத்தான் இருந்தது. இருந்தாலும் இன்னும் ஒரு சொம்பு ஊற்றினாள். ஜன்னலைச் சாத்தினாள்.

கட்டிலில் தான் படுக்கிற பக்கத்தில் படுத்து, செடியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். இருமல் வருவதற்கு வெகு நேரம் ஆயிற்று.