கூரை பற்றிச் சீமோன் சொன்னது

சீமோனைக் கூப்பிட்டுக் காட்டுவோம் என்று சொன்னது மனைவி யோகமலர்தான். பத்மநாதன் செத்தாலும் தானாகக் கூப்பிட்டிருக்கமாட்டார்.

சீமோன் ஸ்காபரோவில் ட்ரெய்லர் கூரை திருத்துகிறவன். அதற்கு முன்னால் பத்மநாதனின் பேஸ்மென்றில் ஒன்பது வருடம் வாடகைக்கு இருந்தவன். அந்த ஒன்பது வருடத்தில் அவன் சொன்ன ஒரு சொல்லையாவது பத்மநாதன் நம்பியது கிடையாது. முகட்டால் தண்ணீர் ஒழுகுகிறது என்றால், நீ சுடுதண்ணீரில் குளிக்கிற ஆவி என்பார். ஹீற்றர் வேலை செய்யவில்லை என்றால், மன்னார் ஆட்களுக்குக் குளிர் கொஞ்சம் கூடத்தான் தெரியும் என்று விருந்தாளிகளுக்கு முன்னால் சிரிப்பார். சீமோனும் கூடச் சிரித்து வைப்பான். யோகமலர் மட்டும் படிக்கட்டில் சோற்றுக்கோப்பையை வைத்துவிட்டு, ஹீற்றரைத் தானே இறங்கி வந்து பார்ப்பாள்.

இப்போது கணவன் மனைவி இருவருக்கும் பென்ஷன். வீட்டை விற்றாகிவிட்டது, மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்கவேண்டும். யோகமலரின் மூச்சிழுப்புக்குக் குளிர் ஆகாது என்று டொக்ரர் சொன்னதிலிருந்து பத்மநாதனுக்கு ஒரே பித்து, ஃபிஃப்த் வீல். பிக்கப் ட்ரக்கின் முதுகில் முன்பக்கத்தை ஏற்றிக் கொளுவி இழுத்துப்போகிற பெரிய ட்ரெய்லர் அது. குசினி, குளியலறை, படுக்கையறை எல்லாம் உள்ளேயே இருக்கும். கோடைக்கு ஒன்ராறியோ, மாரிக்கு புளோரிடா என்று திட்டம். ஈரமும் பூஞ்சணமும் ஆகவே ஆகாது என்றும் அதே டொக்ரர் சொல்லியிருந்தபடியால், கூரையைத் தெரிந்த ஒரு ஆள் பார்க்கட்டும் என்று யோகமலர் ஒற்றைக்காலில் நின்றாள்.

பிக்கரிங் தாண்டி ஒரு தோட்டக்காணியில் வண்டி நின்றது. அதற்குப் பதினான்கு வயது. சீமோன் ஏணி வைத்து ஏறினான். ரப்பர் விரிப்புக் கூரை. வருடா வருடம் கவனித்தால் பதினைந்து, இருபது வருடம் உழைக்கும். கவனிக்காமல் விட்டால் பத்திலேயே போய்விடும். இது கவனிக்காமல் விட்டது. காற்றுத் துவாரங்களைச் சுற்றியிருந்த பசை காய்ந்து வெடித்த பிறகு, அதன்மேல் வெள்ளைப் பூச்சைத் தடிப்பாய் அப்பியிருந்தார்கள். முன்பக்கமாக முழங்காலில் ஊர்ந்தபோது பலகை நனைந்த பாண் மாதிரி அமுங்கியது. சரியாக அந்த இடத்தில்தான் விற்பவன் நாலு சோலார் பனலைத் திருகாணி போட்டு இறுக்கியிருந்தான். ஒவ்வொரு ஆணியும் ஒரு ஓட்டை. இந்த வண்டிக்கு உருப்படியாய்ச் செய்யக்கூடியது ஒன்றுதான்: ரப்பரை உரித்து, உக்கிய பலகையை மாற்றி, கூரையைப் புதிதாய்ப் போடுவது. மற்றதெல்லாம் பிணத்துக்குப் பூசிய பவுடர்.

கீழே பத்மநாதன் அந்தப் பவுடரைத்தான் மெச்சிக்கொண்டிருந்தார். சோலார் இருக்கிறது, இரண்டாவது ஏசியும் இருக்கிறது, இனி யாருடைய கரண்டுக்கும் கைநீட்டத் தேவையில்லை என்று மச்சான் சண்முகலிங்கத்துக்கு விளங்கப்படுத்தினார்.

மேலே சீமோன் ஒன்பது வருடக் கணக்கைத் தீர்க்கும் வழியை யோசித்தான். கூரை நல்லது என்று பொய் சொன்னால் நாளைக்கு மனிதர் வந்து சட்டையைப் பிடிப்பார். பிறகுதான் அவனுக்குச் சிரிப்பு வந்தது. பொய் எதற்கு? இந்த ஆளைக் கவிழ்க்கத் தன் வாயால் வருகிற உண்மையே போதுமே.

இறங்கி வந்து, சண்முகலிங்கத்துக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னான்.

"அண்ணை, வாங்காதேங்கோ. கூரைப் பலகை உக்கிப்போச்சு. உது ஒரு மாரி தாங்காது."

பத்மநாதன் சிரித்தார். சீமோன் எதிர்பார்த்த அதே சிரிப்பு.

"உனக்கு எரிச்சலடா," என்றார். "என்ரை பேஸ்மென்றிலை கிடந்தவனுக்கு நான் புளோரிடா போறது பொறுக்குமே?"

சீமோன் ஏணியை மடித்தான். வீடு போகும்வரை தன் வான் வண்டியில் பாட்டுப் போட்டுக் கேட்டான். சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, ஒருவனும் அவனில் குறைபிடிக்க முடியாது. இப்படிப் பழிவாங்க எத்தனை பேருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது?

மறுநாள் மத்தியானம் யோகமலர் அவனுக்குத் தொலைபேசி எடுத்தாள். கணவன் பாங்குக்குப் போயிருப்பதாகச் சொன்னாள்.

"தம்பி, அவர் இன்னும் கையெழுத்து வைக்கேல்லை. நேற்று நீர் சும்மா சொன்னனீரோ, உண்மையோ? உண்மை எண்டு நீர் ஒரு சொல்லுச் சொன்னா நான் நிப்பாட்டுவன். அதுக்குள்ளை கால் வைக்கமாட்டன் எண்டு சொல்லிப்போடுவன்."

சீமோன் இதை எதிர்பார்க்கவில்லை. தன்னை நம்பாத பத்மநாதனை மட்டுமே அவன் நினைத்திருந்தான். நம்புகிறவளும் அதே கூரைக்குக் கீழேதான் படுக்கப்போகிறாள் என்பது இப்போதுதான் உறைத்தது. ஓம் அக்கா, உண்மை. அவ்வளவுதான் சொல்லவேண்டும். படிக்கட்டில் இருந்த சோற்றுக்கோப்பை நினைவுக்கு வந்தது. கூடவே பத்மநாதனின் சிரிப்பும் வந்தது. சிரிப்புத்தான் முந்திக்கொண்டது.

"நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லிப்போட்டன் அக்கா," என்றான். "எரிச்சல் எண்டே வையுங்கோ. கூரை நல்லாத்தான் கிடக்கு."

அவளுக்கு நிம்மதி. அண்ணையோடு கோபம் வைக்கவேண்டாம், அவருக்கு வாய்தான் அப்படி என்று சொல்லிவிட்டு வைத்தாள். அயோக்கியத்தனம் என்றால் அதுதான். அது சீமோனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே சாப்பிடப் போனான்.

வண்டியை வாங்கி, வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு அதற்குள் குடிபோனார்கள். ஒக்ரோபரில் அடைமழை பிடித்தது. முதல் மழைக்கே கட்டிலுக்கு மேலே முகடு தொப்பை வைத்தது. இரண்டாம் கிழமை அலுமாரிக்குப் பின்னால் கறுப்பாய்ப் பூஞ்சணம் படர்ந்தது. விற்றவன் தொலைபேசியை எடுக்கவே இல்லை. யோகமலர் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, மூக்கில் ஒக்சிசன் குழாயோடு வெளியே வந்தாள். அந்தக் குழாயோடு அவளுக்குப் பயணக் காப்புறுதி கொடுக்க எவரும் முன்வரவில்லை. புளோரிடாவும் போயிற்று, வீடும் போயிற்று. சண்முகலிங்கத்தின் ஹோலில் ஒரு சோபாவில் அவளும், நிலத்தில் பத்மநாதனும் படுத்தார்கள்.

இந்தமுறை பத்மநாதன் தானே சீமோனைக் கூப்பிட்டார். சண்முகலிங்கத்தின் வீட்டு முற்றத்தில் நின்ற வண்டியின் கூரையில் சீமோன் ஏறினான். இரண்டடி வைக்கமுதல் முழங்கால் பலகைக்குள் இறங்கியது. இறங்கி வந்தவனின் கையைப் பத்மநாதன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பல நாள் சவரம் செய்யாத முகம்.

"நீ அண்டைக்கே சொன்னனி. நான்தான் கேக்கேல்லை. இவளை நான்தானடா கொன்றுபோட்டன்."

இந்தச் சொல்லைக் கேட்கத்தான் சீமோன் இத்தனை வருடம் ஆசைப்பட்டான். கேட்டபோது அவனுக்கு அங்கிருந்து ஓடிவிடவேண்டும் போலிருந்தது.

கராஜ் வாசலில் கதிரை போட்டு இருந்த யோகமலர், தேத்தண்ணி போட்டுக்கொண்டு வரும்படி கணவனை உள்ளே அனுப்பினாள். அவர் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீர் ஃபோனிலை சொன்னதை இவருக்கு நான் சொல்லேல்லை," என்றாள். மூச்சு எடுத்தாள். "சொன்னாலும் நம்பமாட்டார். சீமோன் பொய் சொல்லாத மனிசன் எண்டு காணுற ஆக்களுக்கெல்லாம் சொல்லித் திரியிறார்."

"அக்கா..."

"நான் உமக்கு என்ன செய்தனான் தம்பி?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பத்மநாதன் இரண்டு கோப்பைகளைக் கொண்டுவந்து ஒன்றை அவனிடம் நீட்டி, திருத்தலாமா, இந்தக் கிறிஸ்மஸுக்கு முன்னம் இவளை இதற்குள் கொண்டுபோய்ப் படுக்கவைக்கலாமா என்று கேட்டார்.

"ஓம் அண்ணை," என்றான் சீமோன். "திருத்தலாம்."

அந்தச் சொல்லை நம்பமுடியாமல் யோகமலர் தலையைக் குனிந்துகொண்டாள். பத்மநாதன் உடனே நம்பினார்.